புழுவுக்குப் பெயருண்டு, பூச்சிக்கு இல்லை: பருத்திக் காயிலிருந்து பறந்துவந்த ஓர் அந்துப்பூச்சியின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

குஜராத்தியில் 'குலாபி ஈயள்'. மராத்தியில் 'குலாபி போண்ட்அளி'. இந்தியில் 'குலாபி சுண்டி'. தெலுங்கில் 'குலாபி ரங்கு புருகு'. தமிழில் 'இளஞ்சிவப்புக் காய்ப்புழு'. இந்தியாவில் பருத்தி விளையும் மாநிலங்களில் எங்கு சென்றாலும் இந்தப் பெயரைக் கேட்டவுடன் உழவரின் முகம் மாறும். காய்க்குள் இருந்துகொண்டு கொட்டையைத் தின்று, பஞ்சைக் கறைபடுத்தி, விலையைப் பாதியாக்கும் புழு அது. ஆனால் மேற்சொன்ன பெயர்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். எல்லாமே புழுவின் பெயர்கள். அந்தப் புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து வெளிவரும் அந்துப்பூச்சிக்கு இவற்றுள் எந்த மொழியிலும் வழக்கில் ஒரு தனிப்பெயர் இல்லை. புழுவின் பெயரை இரவல் வாங்கி, 'அந்தப் புழுவின் பூச்சி' என்றே அதைச் சொல்கிறோம்.

பெயரில்லாதது கண்ணிலும் படுவதில்லை. சுமார் 180 ஆண்டுகளாக நாம் இப்புழுவோடு போரிட்டு வருகிறோம். அந்தப் போரில் நாம் எங்கெல்லாம் தோற்றோம் என்று பார்த்தால், பெரும்பாலும் புழுவை மட்டும் பார்த்துவிட்டுப் பூச்சியை மறந்த இடங்களாகவே அவை இருக்கின்றன. இப்பதிவு அதைப் பற்றியது.

1

முதலில் பூச்சியின் தோற்றம். பருத்தி வயலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் இதைக் கண்டும் காணாதவர்களாகவே இருப்பர்.

உடல் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிறகுகளை விரித்து ஊசியில் குத்தி வைத்தால் நுனிக்கு நுனி 15 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும். சுண்டுவிரல் நகத்தின் மேல் அடங்கிவிடும் அளவு. முன்சிறகுகள் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். அவற்றின்மேல் கருமையான புள்ளிகளும், தெளிவற்ற கரும்பட்டைகளும். காய்ந்த இலைச் சருகின் ஒரு துணுக்கு என்று எண்ணி ஊதிவிடலாம். பின்சிறகுகள் வேறுவகை. முன்சிறகைவிட அகலமானவை, வெள்ளிபோல் வெளிறிய சாம்பல் நிறம், நுனி கூர்மையானது, ஓரமெங்கும் நீண்ட மயிர்க்குஞ்சம். அமர்ந்திருக்கும்போது இந்தப் பின்சிறகு மறைந்துவிடும். மங்கலான மேற்போர்வை மட்டுமே தெரியும்.

முகத்தைக் கைவில்லை வைத்துப் பார்க்க வேண்டும். வாயின் இருபுறமும் இரண்டு உறுப்புகள் அரிவாள்போல மேல்நோக்கி வளைந்து, தலையையும் தாண்டி எழுந்து நிற்கும். உணர்கொம்பின் அடிக்கணுவில் விறைப்பான நீண்ட மயிர்கள் ஐந்தாறு வரிசையாக நிற்கும், பல் உதிர்ந்த ஒரு சிறு சீப்பைப்போல. இந்தச் சீப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

இது இரவுப் பூச்சி. பகலில் மண் வெடிப்புகளிலும் சருகுகளுக்கடியிலும் ஒளிந்திருக்கும். பின்னிரவில்தான் இணை தேடும். வாழ்நாள் ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் ஒரு பெண்பூச்சி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஒவ்வொரு முட்டையும் அரை மில்லிமீட்டர் நீளமான முத்துவெண்மை. பொரிந்து வரும் புழு ஓரிரு மணி நேரத்துக்குள் சப்பையையோ பூவையோ இளங்காயையோ துளைத்து உள்ளே போய்விடும். துளைத்த இடம் ஆறி மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காய் நல்ல காயாகவே தெரியும். உள்ளே கொட்டை காலியாகிக்கொண்டிருக்கும். மருந்தடித்தாலும் உள்ளே போகாது.

ஆகவே இப்புழு வெளியுலகில் இருப்பது, முட்டையிலிருந்து காய்க்குள் நுழையும் அந்தச் சிறு பொழுதும், முற்றியபின் கூட்டுப்புழுவாக வெளியேறும் நேரமும் மட்டுமே. திறந்தவெளியில் முழுமையாக நடமாடுவது பூச்சிதான். நாம் பெயரிடாமல் விட்டது அதைத்தான்.

2

இந்தப் பூச்சி அறிவியலின் ஏட்டில் நுழைந்த கதை குஜராத்தில் தொடங்குகிறது. நர்மதை கடலோடு கலக்குமிடத்துக்கு அருகிலுள்ள பரூச் நகரம். பழைய கிரேக்க மாலுமிகள் பாரிகாசா என்றழைத்த துறைமுகம். அங்கிருந்து பருத்தித் துணி ஏற்றுமதியானதை 'பெரிபுளூஸ்' குறிக்கிறது. ஆங்கிலேயர் இவ்வூரை 'புரோச்' என்றனர். புரோச் பருத்தி என்றால் அது கரிசல் மண்ணில் விளைந்த நாட்டுப் பருத்தி, குட்டை இழை.

லங்காஷயர் ஆலைகளுக்குத் தேவைப்பட்டது நீண்ட இழை. அமெரிக்காவின் அடிமை உழைப்பில் விளைந்த பஞ்சையே நம்பியிருப்பது பிரிட்டனுக்குக் கவலையளித்தது. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு திட்டம் தீட்டியது: அமெரிக்கப் பருத்தியையே இந்திய மண்ணில் விளைவிப்பது. 1840இல் கேப்டன் பேல்ஸ் என்பவர் வழியாக அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பத்து பருத்தித் தோட்டக்காரர்கள் இந்தியாவுக்கு அழைத்துவரப்பட்டனர். பம்பாய், சென்னை, வங்காளம் ஆகிய மாகாணங்களுக்கு அவர்கள் பகிர்ந்தனுப்பப்பட்டனர். சென்னை மாகாணத்தின் சோதனைகளைக் கோயம்புத்தூரில் பின்னர் மேற்பார்வையிட்டவர் புகழ்பெற்ற தாவரவியலாளர் ராபர்ட் வைட். பம்பாய் மாகாணத்தின் சோதனைக் களங்களில் ஒன்று பரூச்.

பரூச்சில் அரசுப் பருத்தித் தோட்டங்களின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் பார்ன், 1842இல் சில பூச்சிகளை லண்டனுக்கு அனுப்பினார். லேசான வண்டல் மண்ணில் விதைத்த அமெரிக்கப் பருத்தியை இப்பூச்சி பெரிதும் அழிக்கிறது என்பது அவர் உடன் எழுதிய செய்தி. அவற்றைப் பரிசோதித்தவர் வில்லியம் வில்சன் சாண்டர்ஸ். இளமையில் சிறிது காலம் கம்பெனியின் படைப் பொறியாளராக இந்தியாவில் இருந்துவிட்டு, திரும்பிப்போய் லாயிட்ஸ் காப்பீட்டுத் தொழிலில் ஈடுபட்டவர். தொழில் காப்பீடு, பற்று பூச்சியும் செடியும். 1843இல் லண்டன் பூச்சியியல் கழகத்தின் ஏட்டில் இப்பூச்சிக்கு அவர் 'டிப்ரசாரியா காசிபியெல்லா' என்று பெயரிட்டார்.

'காசிப்பியம்' என்பது பருத்தி. 'எல்லா' என்பது சிறுமை குறிக்கும் விகுதி. மிகச் சிறிய அந்துப்பூச்சிகளுக்கு லின்னேயஸ் காலம் முதல் சூட்டப்படுவது. ஆக, 'பருத்திச் சிற்றந்து' என்று தமிழில் சொல்லலாம். பூச்சிக்கென்று முதன்முதலில் வைக்கப்பட்ட பெயர் அதுதான். அந்தப் பெயரும் ஆய்வேட்டோடு நின்றுவிட்டது, வயலுக்கு வரவில்லை.

இங்கே நான் கவனப்படுத்த விரும்புவது ஒன்று. இப்பூச்சியின் முதல் அறிவியல் பதிவு உண்மையில் ஒரு தோல்வி அறிக்கையின் இணைப்பு. அயல் பருத்தியை அதற்கு ஒவ்வாத மண்ணில், அதற்கு ஒவ்வாத பருவத்தில் விதைத்த சோதனை பரூச்சில் நிலைக்கவில்லை. மண், மழை, விலை, குடியானவர்களின் விருப்பமின்மை என்று காரணங்கள் பல. பூச்சி அவற்றுள் ஒன்று மட்டுமே. தார்வாரில் இதே அமெரிக்கப் பருத்தி ஓரளவு நிலைத்து நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் லண்டன் ஏட்டில் மண்ணும் மழையும் ஏறவில்லை. பூச்சி ஏறியது. எந்தச் செடி, எந்த மண், எந்தப் பருவம் என்று பார்ன் சொன்ன செய்தி ஒரு வரியாய்ச் சுருங்கி, 'எதிரி' மட்டும் ஊசியில் குத்தி வைக்கப்பட்டது. இப்பூச்சியின் பிற்கால வரலாறு முழுவதிலும் இந்தச் சுருக்கம் திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

3

பெயர் நிலைக்கவில்லை. பின்வந்தவர்கள் இதை 'ஜெலிக்கியா' என்ற பேரினத்தில் வைத்தனர். சிலர் 'பிளாட்டியெட்ரா' என்றனர். சிற்றந்துகளை வகைப்படுத்துவது எளிதன்று. ஆயிரக்கணக்கான இனங்கள், எல்லாம் சாம்பலும் பழுப்பும், சிறகுச் செதில் உதிர்ந்துவிட்டால் எல்லாம் ஒன்றுபோலிருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய அவசரம் அமெரிக்காவுக்கு வந்தது, அதுவும் பூச்சி தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது. அமெரிக்க வேளாண் துறையின் ஆகஸ்ட் புஸ்க் ஹவாய்த் தீவுகளில் இப்பூச்சியின் வாழ்க்கையை நேரில் ஆராய்ந்தார். 1917இல் வெளியான தம் கட்டுரையில் இதற்கென்றே ஒரு புதிய பேரினத்தை நிறுவினார்: 'பெக்டினோஃபோரா'. பொருள், 'சீப்புத் தாங்கி'. உணர்கொம்பின் அடியில் நாம் பார்த்த அந்த ஐந்தாறு மயிர்களே பெயராயின. இன்றும் அதன் பெயர் பெக்டினோஃபோரா காசிபியெல்லா.

ஒரு மயிர்ச்சீப்பைக் குறித்து இவ்வளவு அக்கறை எதற்கு என்று தோன்றலாம். 1921இல் கார்ல் ஹைன்ரிக் என்ற இன்னோர் ஆய்வாளர், இப்புழுவோடு குழப்பிக்கொள்ளத்தக்க பிற பூச்சிகளைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். அழுகிய காய்களில் சாதாரணமாக வாழும், பெருந்தீங்கு செய்யாத இளஞ்சிவப்புப் புழுக்கள் வேறும் உண்டு. அப்போது டெக்சாஸில் இப்புழு கண்டறியப்பட்ட பகுதிகளில் பருத்தி பயிரிடுவதே சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. தவறான அடையாளம் ஓர் ஊரின் ஓராண்டு விளைச்சலையே நிறுத்திவிடக்கூடும். தோற்றத்தைத் துல்லியமாக எழுதுவது அங்கே பொழுதுபோக்கன்று. உழவனின் பிழைப்போடு தொடர்புடைய வேலை.

4

பூச்சி எப்படி அங்கே போனது? கொட்டைக்குள் பயணம் செய்தது.

பருவ இறுதியில் பிறக்கும் புழுக்களில் ஒரு பகுதி உடனே கூட்டுப்புழுவாக மாறுவதில்லை. இரண்டு கொட்டைகளைக் குடைந்து, பட்டு நூலால் ஒன்றாக ஒட்டி, அந்த இரட்டைக் கொட்டைக்குள் சுருண்டு உறங்கிவிடும். உணவில்லாமல் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கும் மேலாக அப்படியே கிடக்கும். அரவை ஆலையில் பஞ்சு பிரிந்தாலும் கொட்டையோடு அது தப்பும். மூட்டையிலும் கப்பலிலும் ஏறி, போய்ச் சேர்ந்த ஊரில் ஓர் இரவு பூச்சியாய் வெளிவரும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்தியாவிலிருந்து சென்ற பருத்திக்கொட்டையோடும் சரியாக அரைபடாத பஞ்சோடும் இது எகிப்தை அடைந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சில ஆண்டுகளுக்குள் நைல் சமவெளியின் முதன்மைப் பூச்சியாக மாறியது. எகிப்தியப் பருத்தி அக்காலத்தில் உலகமெங்கும் விரும்பப்பட்ட உயர்ரகம். அதன் விதையை வாங்கிய நாடுகள் புழுவையும் சேர்த்து வாங்கின. 1911 வாக்கில் மெக்சிகோ, அதையொட்டிப் பிரேசில், 1917இல் டெக்சாஸ்.

1842க்குள் பரூச்சுக்கு அமெரிக்கக் கொட்டை வந்துவிட்டிருந்தது. 75 ஆண்டுகள் கழித்து பரூச்சின் பூச்சி, கொட்டைக்குள் ஒளிந்து, எகிப்தையும் மெக்சிகோவையும் சுற்றி, அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. பழிவாங்கியது என்று கதை கட்டத் தோன்றும். உண்மை அதைவிடச் சாதாரணமானது. வணிகம் போன வழியில் பூச்சியும் போனது.

கொட்டைப் பயணம் மட்டுமன்று. மெக்சிகோவில் விமானங்களில் பொறி பொருத்திப் பறந்து பார்த்த பூச்சியியலாளர்கள், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும் இந்த அந்துப்பூச்சியைப் பிடித்தனர். நகத்தளவுப் பூச்சி காற்றோடு அவ்வளவு உயரம் ஏறுகிறது. ஒரு வயலை மட்டும் காத்துக்கொள்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

ஒரு வயலைக் காப்பது போதாதெனில், ஊரே சேர்ந்து காக்க வேண்டும். இந்தப் புரிதல் இந்தியாவுக்குப் புதிதன்று. சென்னை மாகாணம் 1919இலேயே வேளாண் பூச்சி, நோய்களுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ்க் கம்போடியாப் பருத்தி விளையும் பகுதிகளில், குறிப்பிட்ட தேதிக்குள் பருத்திமாரைப் பிடுங்கிவிட வேண்டுமென்று உத்தரவிடப்பட்டது. ஒரு பருவத்தின் செடி நிலத்திலேயே நின்றால், அதில் தங்கும் பூச்சி அடுத்த பருவத்தின் முதல் பூவுக்குக் காத்திருக்கும். இடையில் சில மாதங்கள் பருத்தியே இல்லாமல் செய்துவிட்டால், உறக்கத்திலிருந்து எழுந்து வரும் பூச்சி முட்டையிட இடமின்றி இரண்டு வாரத்தில் மடியும்.

இந்த ஒரு கட்டளையில் எத்தனை அறிவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அது புழுவைக் கொல்லச் சொல்லவில்லை. பூச்சியின் ஆண்டைக் கணக்கிட்டு, அந்த ஆண்டில் ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. எகிப்தில் அரவை ஆலைகளில் கொட்டையைச் சூடாக்கும் இயந்திரங்களை நிறுவியதும் இதே வகை அறிவுதான்: உறங்கும் புழு பூச்சியாகும் முன், பயணத்தின் இடையிலேயே நிறுத்துவது.

இத்தகைய சட்டங்கள் எளிய குடியானவர்மேல் சுமையாகவும் இறங்கின என்பதை மறுக்க இயலாது. கடைசிப் பறிப்பில் கிடைக்கும் சிறு காசு ஏழைக்குப் பெரிது. செடியைப் பிடுங்கு என்று அதிகாரி சொல்வது எளிது; அந்தக் காசுக்கு ஈடு யார் தருவது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

6

இனி மீண்டும் குஜராத். 1970இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி. பட்டேல் 'எச்-4' என்ற வீரிய ஒட்டுப் பருத்தியை உருவாக்கினார். வணிக முறையில் பயிரிடப்பட்ட உலகின் முதல் ஒட்டுப் பருத்தி அது. விளைச்சல் பெருகியது, பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் அந்த வழியில் வந்த ஒட்டு ரகங்களில் பல நீண்ட காலப் பயிர்கள். நீர்ப்பாசனமும் சேர்ந்ததும், முன்பு குளிர்காலத்தோடு முடிந்த பருவம் மார்ச், ஏப்ரல் வரை நீண்டது. பூச்சிக்குப் பட்டினி மாதங்கள் குறைந்தன.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றின் மரபணுவைப் பெற்ற செடி. தின்னும் புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும். 2006இல் இரண்டு புரதங்கள் கொண்ட இரண்டாம் தலைமுறை வந்தது. முதற்சில ஆண்டுகள் பலன் கண்கூடாக இருந்தது. காய்ப்புழுவுக்கான மருந்துத் தெளிப்பு குறைந்தது. உழவர்கள் விரும்பியே இதற்கு மாறினர். அவர்களை யாரும் ஏமாற்றிவிட்டதாகச் சொல்வது அவர்களின் அறிவை இழிவுபடுத்துவதாகும்.

2010 மார்ச்சில் மான்சாண்டோ நிறுவனமே ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் புரதத்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்பது அதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் புரதமும் அதனிடம் தோற்றது. 2017இல் மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் காய்கள் திறந்தபோது உள்ளே பஞ்சுக்குப் பதில் கறை இருந்தது. அதே ஆண்டு யவத்மாலில் பூச்சிமருந்து தெளிக்கையில் நஞ்சேறிப் பல வேளாண் தொழிலாளர்கள் இறந்தனர். தெளித்த மருந்துகள் அனைத்தும் இப்புழுவுக்கானவை அல்ல. ஆயினும் 'இனி மருந்து தேவைப்படாது' என்ற நம்பிக்கை உடைந்த பின்புலத்தில்தான் அம்மரணங்கள் நிகழ்ந்தன.

ஏன் தோற்றது? காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றிலும் பூச்சியின் நிழல் தெரியும்.

ஒன்று, ஒட்டு விதை. ஒட்டுச் செடியில் பி.டி. மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டுமே வருவதால், அதன் காயிலுள்ள கொட்டைகளுள் சில புரதமுள்ளவை, சில இல்லாதவை. இலையைத் தின்னும் புழுவுக்கு இது பொருட்டல்ல. ஆனால் இப்புழு தின்பது கொட்டையை. ஒரே காய்க்குள் நஞ்சும் நஞ்சின்மையும் கலந்து கிடைப்பது, எதிர்ப்புத்திறன் வளர வழிசெய்வது என்று நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

இரண்டு, புகலிடப் பயிர். விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதை தனியே வைத்துத் தரப்பட்டது. அதை வயலோரம் விதைத்தால் அங்கே எதிர்ப்புத்திறனற்ற பூச்சிகள் பிறக்கும். அவை எதிர்ப்புத்திறனுள்ளவற்றோடு கூடி அத்திறனை நீர்க்கச் செய்யும். இந்த முழு ஏற்பாடும் பின்னிரவில் இரண்டு அந்துப்பூச்சிகள் சந்திப்பதை நம்பியது. உழவருக்கோ அது 'புழு தின்னட்டும் என்று விதைக்கும் விதை'. பூச்சியை யாரும் அவருக்கு அறிமுகம் செய்யவில்லை. பொட்டலம் பெரும்பாலும் குப்பைக்குப் போனது.

மூன்று, நீண்ட பருவம். நான்கு, கொட்டைப் போக்குவரத்து. பஞ்சாப், ஹரியானா வயல்களில் இந்தப் புழு மீண்டும் தலைகாட்டியபோது, தொடக்கத்தில் அது தென்பட்டவை பெரும்பாலும் அரவை ஆலைகளையும் எண்ணெய் ஆலைகளையும் ஒட்டிய வயல்களே. 2021இல் பட்டிண்டா, மான்சா பகுதிகளில் பெருஞ்சேதம். நூறாண்டுக்கு முன் எகிப்துக்குப் போன அதே வழி. கப்பலுக்குப் பதில் லாரி.

7

இதே பூச்சியை அமெரிக்கா 2018இல் தன் நிலத்திலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அங்கும் பயன்பட்டது பி.டி. பருத்திதான். வேறுபாடு, அதைத் தனியாக நம்பவில்லை என்பதில் இருந்தது.

1973இல் இந்தப் பெண்பூச்சி ஆணை ஈர்க்க வெளியிடும் மணப்பொருளின் கட்டமைப்பு கண்டறியப்பட்டு, 'காசிப்ளூர்' எனப் பெயரிடப்பட்டது. அதைப் பொறியில் வைத்து ஆணைப் பிடிக்கலாம். வயலெங்கும் பரப்பி, ஆண் பெண்ணைக் கண்டுகொள்ளாதபடியும் செய்யலாம். அதோடு, ஃபீனிக்ஸ் நகரில் கோடிக்கணக்கில் இப்பூச்சிகளை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, விமானத்திலிருந்து வயல்கள்மேல் பொழிந்தனர். மலட்டுப் பூச்சியோடு கூடிய காட்டுப் பூச்சிக்கு வாரிசில்லை. அறுவடை முடிந்ததும் செடியை அழிப்பது கட்டாயம். அரிசோனாவில் 2005இல் 200 கோடிக்கும் மேலென மதிப்பிடப்பட்ட பூச்சிகளின் எண்ணிக்கை, 2013இல் பூஜ்யமாயிற்று.

இதில் ஒரு சிறு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. வளர்ப்புக்கூடத்துப் புழுக்களின் உணவில் சிவப்புச் சாயம் கலப்பார்கள். வளர்ந்த பூச்சி வெளியே வழக்கம்போல் சாம்பல் பழுப்புத்தான். ஆனால் உடலுக்குள் சிவப்பு. பொறியில் விழுந்ததைப் பரிசோதிப்பவர் உட்புறம் சிவந்திருந்தால் 'நாம் விட்டது' என்றும், இல்லையேல் 'காட்டுப் பூச்சி' என்றும் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனியே பார்த்து எண்ணிய வேலை அது.

அங்கே பண்ணைகள் பெரியவை, பருத்தி நிலம் குறைவு, அரசும் விவசாயிகளும் சேர்ந்து செலவிட்டனர். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் லட்சக்கணக்கான உழவர்கள் உள்ள நம் நாட்டில் அதை அப்படியே நகலெடுக்க இயலாது. ஆனால் நம்மிடம் ஒன்றும் இல்லாமலில்லை. மார் பிடுங்கும் தேதி நம்மிடம் 1919இலேயே இருந்தது.

8

முடிப்பதற்குமுன் ஒரு திருத்தம். இப்பூச்சியை 'இந்தியப் பூச்சி' என்றே உலகம் நீண்டகாலம் எழுதியது. முதல் மாதிரி பரூச்சிலிருந்து போனதே காரணம். 1958இல் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் இயான் காமன் இந்தச் 'சீப்புத் தாங்கி'ப் பேரினத்தை மீளாய்வு செய்தார். அதன் மற்ற இரண்டு இனங்களும் ஆஸ்திரேலியாவில் வாழ்கின்றன. ஆகவே இதன் தாயகம் வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசிய மலேசியத் தீவுகளுக்கும் இடைப்பட்ட பகுதியாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அவ்வாறாயின், நம் நிலத்துக்கும் அது எப்போதோ வந்த விருந்தாளிதான். முதலில் பதிவானது எங்கே என்பதும், முதலில் பிறந்தது எங்கே என்பதும் வேறு வேறு. வரலாறு எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்குமிடம் இது.

1843இல் சாண்டர்ஸ் ஒரு பூச்சியை அதன் வயலிலிருந்து பிரித்து விவரித்தார். அது அவர் காலத்து முறை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன்பின் வந்த நாமும் புழுவை வயலிலிருந்தும், வயலை ஊரிலிருந்தும், ஊரை ஆண்டின் சுழற்சியிலிருந்தும் பிரித்தே பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு விதை, ஒரு மருந்து, ஒரு மரபணு என்று ஒற்றை விடையைத் தேடினோம். பூச்சி ஒவ்வொரு முறையும் நாம் பார்க்காத பொழுதில் பறந்துபோனது.

பருத்தி விளையும் ஊரிலிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வயலோரத்தில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் கண்டால் அருகில் சென்று பாருங்கள். உள்ளே சாம்பல் துகள்போலக் கிடப்பவற்றுள் ஒன்றை உள்ளங்கையில் எடுத்து, முடிந்தால் ஒரு கைவில்லை வைத்து, உணர்கொம்பின் அடியைப் பாருங்கள். அந்தச் சிறு சீப்புத் தெரியும். பார்த்தபின் அதற்கு உங்கள் ஊர் வழக்கில் ஒரு நல்ல பெயர் தோன்றினால், இங்கே எழுதுங்கள். 180 ஆண்டுகள் தாமதமானாலும், அதற்கு ஒரு பெயர் வேண்டும்.